வலிக்காத ஊசி

ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டால் மறுநாள் தோள் வலிக்கும். பெரிதாக ஒன்றும் இல்லை. சட்டை மாட்டும்போது, தலை வாரும்போது, அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும்போது, ஆமாம் நேற்று ஊசி போட்டோமே என்று ஞாபகம் வரும், அவ்வளவுதான். இதற்குப் பயந்துகொண்டு வருஷா வருஷம் எத்தனை பேர் சாக்குச் சொல்லி நழுவுகிறார்கள் தெரியுமா? போன வருஷம்தானே போட்டேன் என்பார்கள். போட்டால்தான் காய்ச்சலே வருகிறது என்பார்கள். நான் பொறுமையாகச் சொல்வேன்: அந்தக் கிருமி வருஷத்துக்கு வருஷம் சட்டையை மாற்றிக்கொள்கிறது, அதனால் ஊசியும் மாறுகிறது. வலித்தால் நல்லது, உடம்பு பாடம் படிக்கிறது என்று அர்த்தம். கேட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டுவார்கள்.

நீங்கள் போட்டுக்கொண்டீர்களா, ஐயா? சீசன் இன்னும் முடியவில்லை. இந்த அறையில் ஜன்னலைத் திறப்பதே இல்லை போலிருக்கிறது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. சொல்ல வேண்டியது என் வேலை, சொல்லிவிட்டேன்.

என் கிளினிக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னால் பெஞ்சு போட்ட கூடம், உள்ளே டாக்டரம்மாவின் அறை, அதற்கும் பின்னால் திரை போட்டு மறைத்த என் இடம். ஒரு கட்டில், ஒரு மேசை, கை கழுவும் தொட்டி, மருந்துக்கென்று ஒரு ஃப்ரிட்ஜ். அந்த ஃப்ரிட்ஜில் மருந்தைத் தவிர வேறு எதையும் நான் விடமாட்டேன். டாக்டரம்மா ஒருமுறை தன் சாப்பாட்டு டப்பாவை உள்ளே வைத்தார். எடுத்து அவர் மேசை மேலேயே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் டப்பா அங்கேதான் இருக்கும். வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் சிஸ்டர். என் அப்பா வயதுக்காரருக்கும் சிஸ்டர், பேச்சு வராத குழந்தைக்கும் சிஸ்டர். அக்கா என்று கூப்பிட ஒருத்தன்தான் இருந்தான்.

வீட்டில் அவனைச் சின்னவன் என்போம். லிஃப்ட் மெக்கானிக். பொழுதெல்லாம் மேலே போய்க் கீழே வருவதுதான் என் பிழைப்பு என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அவன் சொன்னதற்கு அவனேதான் முதலில் சிரிப்பான்.

அவன் வேலையில் சேர்ந்த புதிதில் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. முகம் ஊதி, கால் ஊதி, மெஷினில் போய்ப் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவான். தண்ணீரைக்கூட ஸ்பூனில் அளந்துதான் குடிக்க வேண்டும். அப்போது உயிரோடு இருந்த அம்மா என்னிடம் கேட்டார். நேராகக் கேட்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே, "நீ நர்ஸு, உனக்குத் தெரியாததா. ஒண்ணு இருந்தாலே போதுமாமே" என்றார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக்கொண்டு சொன்னார், எனக்குக் கேட்காமல் போனாலும் பரவாயில்லை என்பது போல. எனக்குக் கேட்டது.

பரிசோதனையில் எல்லாம் பொருந்திவந்தது. அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது என்றார் பெரிய டாக்டர். என்னுடைய இடது சிறுநீரகத்தை எடுத்து அவனுக்கு வைத்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு கணக்கு வாத்தியாரை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஆபரேஷன் முடிந்து நான் படுத்திருந்தபோது அவரும் அவர் அம்மாவும் பார்க்க வந்தார்கள். "ஒத்தைக் கிட்னியோட பிள்ளை பெத்துக்க முடியுமாம்மா?" என்று அந்த அம்மா நர்ஸிடம் கேட்டார். நர்ஸ் முடியும் என்றாள். நானும் முடியும் என்றேன், நானும் நர்ஸ்தானே. கணக்கு வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு தான் வாங்கிவந்த ஆரஞ்சுப் பழங்களைத் தட்டில் திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு ஆள் விட்டு, வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். நான் அவரைக் குறை சொல்லவில்லை. கழித்தல் கணக்கு அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இதைத்தான் காரணம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எத்தனையோ பெண்கள் கல்யாணம் ஆகாமல் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் உங்கள் முன்னால் வந்தா உட்கார்ந்திருக்கிறார்கள்?

மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். உடம்பு அதை அந்நியம் என்று விரட்டப் பார்க்கும். விரட்டாமல் இருக்க உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அமுக்கிவைக்க வேண்டும். அமுக்கிவைத்தால் தெருவில் போகிற கிருமியெல்லாம் உள்ளே வந்து உட்காரும். உங்களுக்கும் எனக்கும் மூக்கடைப்பாக வந்துபோவது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் அவனுக்கு வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி. அவனோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்து. சீசன் தொடங்குவதற்கு முன்னால் தம்பியும் தம்பி மனைவியும் குழந்தையும் மூன்று பேருமாக என்னிடம் வருவார்கள். நான் போட்டுவிடுவேன். அதற்குப் பிறகு எனக்கு நானே போட்டுக்கொள்வேன்.

காலையிலும் மாலையிலும் அவனுக்கு போன் பண்ணுவேன். மாத்திரை போட்டியா, தண்ணி குடிச்சியா, உப்பைக் குறைச்சியா. முதலில் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆன பிறகு எல்லாவற்றுக்கும் 'ம்' என்றான். குழந்தை பிறந்த பிறகு தம்பி மனைவிதான் போனை எடுத்தாள். "அண்ணி, அவரு மாத்திரையை நான் பாத்துக்கறேன். நீங்க எதுக்குச் சிரமப்படறீங்க" என்றாள். தேன் தடவிப் பேசுகிற பெண். நான் சிரமப்படுகிறேன் என்று இவளிடம் யார் சொன்னது? வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் அவ்வப்போது வந்து, குடியிருக்கிறவர்கள் சுவரில் ஆணி அடித்திருக்கிறார்களா என்று பார்ப்பதில்லையா? அதற்குப் பெயர் சிரமமா?

அவனைத் தோளோடு அணைக்கிற சாக்கில் சட்டையை முகர்ந்து பார்ப்பேன். ஒருமுறை சிகரெட் வாசனை வந்தது. கூட வேலை பார்க்கிறவன் பிடித்தது என்றான். நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

மாற்றுச் சிறுநீரகத்தை முதுகுப் பக்கம் வைப்பதில்லை, ஐயா. பலருக்கு இது தெரியாது. முன்னால், அடிவயிற்றில், தோலுக்குக் கொஞ்சம் கீழேதான் வைப்பார்கள். மெலிந்த உடம்பாக இருந்தால் லேசாகப் புடைத்துக்கொண்டு தெரியும். சின்னவன் சாப்பிட்டுவிட்டு உட்காரும்போது அந்த இடத்தில் கையை வைத்துக்கொள்வான், பர்ஸ் பத்திரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற மாதிரி. அது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

ஆபரேஷன் நடந்த தேதியை அவன் தன்னுடைய இரண்டாவது பிறந்தநாள் என்று கொண்டாடுவான். இந்த வருஷம் லிஃப்ட் கம்பெனி ஆட்களையும் கூப்பிட்டிருந்தான். கேக்கெல்லாம் வாங்கியிருந்தார்கள். என் மருமகள், அவன் மகள், தங்கக் கலர் பேப்பரில் ஒரு கிரீடம் வெட்டி அவன் தலையில் வைத்திருந்தாள். நான் ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். "சூப்பர்க்கா" என்று சொல்லி, பிரிக்காமலே அலமாரி மேல் வைத்தான். நான் உள்ளே போய் எல்லோருக்கும் ஜூஸ் ஊற்றித் தட்டில் எடுத்துக்கொண்டு வந்தேன்.

கதவருகில் வரும்போது ஒரு தாடிக்காரர் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, கிட்னிக்கு வருஷக்கணக்கா காத்திருக்கணும்பாங்களே. உனக்கு எப்படி?"

"அட இல்லண்ணே. எனக்கு வீட்டுலயே கிடைச்சிருச்சு."

"அதிர்ஷ்டக்காரன்டா நீ."

எல்லோரும் சிரித்தார்கள். கிரீடத்தோடு அவனும் சிரித்தான். என் தட்டில் ஒரு டம்ளர்கூட ஆடவில்லை. ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். தாடிக்காரர் எனக்குத் தேங்க்ஸ் சொன்னார், ஜூஸுக்கு.

கொடுத்தார்கள் என்று ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொன்னால் யார் கொடுத்தது என்று அடுத்த கேள்வி வரும். கிடைத்தது என்பதற்கு ஆளே வேண்டாம். தியேட்டரில் ஓர சீட் கிடைக்கும். இழுப்பறையில் தேடினால் பழைய ஸ்க்ரூடிரைவர் கிடைக்கும். வீட்டிலேயே கிடைத்துவிட்டால் கடைக்குப் போகிற அலைச்சல் மிச்சம்.

எல்லோரும் போன பிறகு சமையலறையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மிச்ச கேக்கை எடுத்துவைக்க அவன் வந்தான்.

"வீட்டுலயே கிடைச்சுதுன்னு சொன்னியே" என்றேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. விரலில் இருந்த க்ரீமை நக்கிக்கொண்டே சிரித்தான். "ஐயோ அக்கா. அவங்ககிட்டப் போய் முழுக் கதையும் சொல்லணுமா? சொன்னா உன்னை நடுக்கூடத்துல நிக்க வெச்சுக் கை தட்டுவாங்க. உனக்கே பிடிக்காது."

"தட்டினா என்ன?"

அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "நானாக்கா கேட்டேன்? அம்மா கேட்டாங்க, நீ கொடுத்த. எத்தனை தடவைதான் நன்றி சொல்றது? நீயே ஒரு நம்பர் சொல்லு. சொல்லி முடிச்சிடறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கேக்கை மூடி வைத்துவிட்டு என் தோளில் தட்டிவிட்டுப் போனான். நியாயமான கேள்விதான். நான் வீட்டுக்குப் போய் அந்த நம்பரை யோசித்துப் பார்த்தேன். எந்த நம்பரும் போதுமானதாகத் தெரியவில்லை.

அப்போதே முடிவெடுத்துவிட்டேனா என்று காலையில் கேட்டீர்கள். முடிவு என்று நான் எதையும் எடுக்கவில்லை. அடுத்த மாதம் ஊசிக்காக அவர்கள் வந்தபோதுதான், மேசையைத் தயார் செய்யும்போது, என் கை தானாக இன்னொரு சிரிஞ்சை எடுத்தது. உப்புத்தண்ணீர் தெரியுமல்லவா, மருந்தைக் கரைப்பதற்கு வைத்திருப்போம், சுத்தமானது, ஒரு கெடுதலும் செய்யாது. அதில் கொஞ்சம் இழுத்து வைத்தேன். நான் அவன் உடம்பில் விஷம் எதையும் ஏற்றவில்லை என்பதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலில் குழந்தைக்குப் போட்டேன். அது அசல் ஊசி. தம்பி மனைவிக்கும் அசல்தான். அவள் மேல் எனக்குப் பிரியம் ஒன்றும் கிடையாது, இருந்தாலும் அவளுக்குச் சேர வேண்டியதை நான் தடுக்கவில்லை. தாயில்லாப் பிள்ளையாக ஒரு குழந்தையை நிற்கவிடுகிற ஆள் இல்லை நான்.

சின்னவன் ஊசியைப் பார்க்கமாட்டான். முப்பது மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவனுக்கு ஊசி என்றால் உதறல். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, கண் பரிசோதனைக்கு மாட்டியிருக்கிற எழுத்துகளைச் சத்தமாக வாசிப்பான். மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை. கீழ் வரிசைக்கு வருவதற்குள் நான் முடித்திருப்பேன். அன்றைக்கும் வாசித்தான். அவன் மகள் கூடவே சேர்ந்து வாசித்தாள். பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, "ஆச்சு" என்றேன்.

"அவ்வளவுதானா? தேங்க்ஸ் சிஸ்டர்" என்று சல்யூட் அடித்தான். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது.

அவனுக்கு வைத்திருந்த ஊசியையும் எனக்கு வைத்திருந்ததையும் நான் வீணாக்கவில்லை. கிளினிக்கைக் கூட்டித் துடைக்கிற அம்மாவுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் போட்டுவிட்டேன். "தம்பி பெரிய ஆஸ்பத்திரியிலயே போட்டுக்கிட்டான். இது சும்மா கிடக்குது" என்றேன். காசு வாங்கவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லாருக்கணும் சிஸ்டர்" என்றார். ஒரு ஊசிக்கு மனிதர்கள் எப்படி நன்றி சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

மறுநாள் சின்னவனே போன் பண்ணினான். "அக்கா, இந்த வருஷம் வலியே இல்லக்கா. இவளுக்குக் கையைத் தூக்க முடியல, பாப்பாவும் அழுவுது. எனக்கு ஒண்ணுமே தெரியல. நல்ல மருந்து போல."

"உனக்கு உடம்பு தேறிடுச்சு" என்றேன்.

அந்த போனில் அவன் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் நான் அவனைத் திரும்பக் கூப்பிட்டு அசல் ஊசியைப் போட்டிருப்பேன். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அவன் மாப்பிள்ளை மாதிரி விசில் அடித்துக்கொண்டு போனை வைத்துவிட்டான்.

பிறகு சீசன் வந்தது. கூடத்தில் பெஞ்சு நிறைந்து ஆட்கள் வாசல் வரை நின்றார்கள். ஒரு பேக்கரிக்காரர் வந்தார், கண்ணெல்லாம் சிவந்து, நிற்கவே முடியாமல். மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்தேன். ஃப்ளூதான். குச்சியை விட்டு எடுக்கிற வரை முகமூடி போட்டிருந்தேன். பிறகு காதுப் பக்கம் வலித்தது, கழற்றிவிட்டேன். அவர் என் முகத்துக்கு நேராக இருமினார். பாவம், வயதானவர், "மன்னிச்சுக்கோம்மா" என்றார். பரவாயில்லை ஐயா, நல்லா இருமுங்க என்றேன்.

எனக்குக் காய்ச்சல் வந்ததும் என்னை நானே பரிசோதித்துப் பார்த்துக்கொண்டேன். டாக்டரம்மா லீவு கொடுத்தார். என் வீட்டிலேயே படுத்திருக்கலாம்தான். ஆனால் தனியாக இருக்கிற பெண், காய்ச்சல் என்றால் தம்பி வீட்டுக்குப் போவதில் என்ன தப்பு? யாரும் தப்புச் சொல்ல முடியாது என்பதை வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

தம்பி மனைவி கதவைத் திறந்தவள் முகம் மாறிவிட்டது. "அண்ணி, டெஸ்ட் எடுத்தீங்களா? இவருக்கு ஆகாதே."

"சாதாரணச் சளிதாம்மா. டாக்டரம்மா பாத்துட்டாங்க."

நான் வாய்திறந்து சொன்ன பொய் அது ஒன்றுதான். இல்லை, கூட்டித் துடைக்கிற அம்மாவிடம் சொன்னது ஒன்று. அப்புறம் இன்னொன்றும் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

"குழந்தைக்குத் தொத்திக்கும். அவளைக் கூட்டிக்கிட்டு நீ உங்க அம்மா வீட்டுல ரெண்டு நாள் இரு" என்று நான்தான் சொன்னேன். அவள் அசையாமல் நின்றாள். உள்ளே இருந்து சின்னவன் வந்தான்.

"நீ போ, நான் பாத்துக்கறேன். எனக்குத்தான் அக்காவே ஊசி போட்டிருக்காங்கல்ல. இந்த உடம்புல பாதி அவங்க உடம்பு. அவங்க கிருமி என்னை என்ன பண்ணிடும்?"

பாதி என்பது அதிகம். எடை போட்டுப் பார்த்தால் ஒரு கைப்பிடிதான் தேறும். அவனுக்கு எதையும் சரியாகச் சொல்லத் தெரியாது.

அவள் போனாள். அவன் லீவு போட்டுவிட்டு என்னோடு இருந்தான். பாக்கெட் சூப்பைக் கரைத்துக் கொடுத்தான், கட்டி கட்டியாக இருந்தது. ஈரத் துணியை நெற்றியில் போட்டான். சோபாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு ஆள் மேனேஜருக்கு போன் பண்ணி, சார் மேலதான் வந்துக்கிட்டே இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருந்த கதையைச் சொன்னான். இருமல் வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. முழங்கையை மடித்து வைத்து இருமுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அவன் என் முதுகைத் தடவிவிட்டான்.

காய்ச்சல் இறங்கியதும் கிளம்பிவிட்டேன். அளவுக்கு மேல் ஒருவர் வீட்டில் தங்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு, வேலைக்குப் போன இடத்திலிருந்து அவன் கூப்பிட்டான். குரல் கம்மியிருந்தது. "அக்கா, லேசா காய்ச்சல் அடிக்குது. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. இவ ஆஸ்பத்திரிக்குப் போலாங்கறா. போகணுமா?"

ஃப்ளூவுக்கு மாத்திரை இருக்கிறது, ஐயா. ஆரம்பத்திலேயே கொடுத்தால் அவனைப் போன்றவர்களைக்கூடக் காப்பாற்றும். நாள் தள்ளினால் பெரிதாகப் பலன் இருக்காது. அவ்வளவும் எனக்குத் தெரியும்.

"ஊசி போட்டிருக்கேல்ல. இது வெறும் சளி. படுத்துத் தூங்கு, ரெண்டு நாள் பாரு" என்றேன். மூன்றாவது பொய் அதுதான்.

"சரிக்கா" என்றான். பிறகு பக்கத்தில் இருந்த யாரிடமோ, "அக்கா சொல்லிட்டாங்க, ஒண்ணுமில்லையாம்" என்று சொல்வது கேட்டது.

தம்பி மனைவி அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். நான் தினமும் போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, படுக்கைக்குக் கீழே தொங்குகிற சிறுநீர்ப் பையைப் பார்ப்பேன். அது நிறைந்துகொண்டே இருந்தது. மற்றதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

அவன் போன அன்று ஒரு இளம் டாக்டர் வெளியே வந்து எங்களிடம் சொன்னார். தம்பி மனைவி சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அவர் என்னிடம்தான் பேசினார். "நுரையீரல் தாங்கலம்மா. கிட்னி மட்டும் கடைசி வரைக்கும் நல்லா வேலை செஞ்சுது."

அப்படியானால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த நேரத்துலயும் தானம் பண்ணணும்னு நினைக்கறீங்க பாருங்க, பெரிய மனசு. ஆனா தொற்றுல போனவங்ககிட்ட எடுக்க முடியாதும்மா." கண் கலங்கியிருந்தது அவருக்கு. நான் திருத்தவில்லை. பெரிய மனசு என்று என்னைப் பற்றி யாரும் அதற்கு முன்னால் சொன்னதில்லை.

அடக்கத்துக்குக் கிளினிக்கிலிருந்து எல்லோரும் வந்தார்கள். கூட்டித் துடைக்கிற அம்மா என் தம்பி மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதார். "அவரு ஊசியைத்தானே எனக்குப் போட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரியில போட்டுக்கிட்டாருன்னு சிஸ்டர் சொன்னாங்களே. போட்டுமா இப்படி ஆச்சு?" என்று கேட்டார். தம்பி மனைவி அழுவதை நிறுத்திவிட்டு, அத்தனை கூட்டத்தையும் தாண்டி என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படி முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. "அவருக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்டாள். அண்ணி என்ற சொல்லை விட்டுவிட்டாள்.

கேட்டதற்குப் பதில் சொன்னேன். தண்ணீர் என்று சொன்னேன். பேக்கரிக்காரரைப் பற்றியும் சொன்னேன், போனில் நான் சொன்னதையும் சொன்னேன். மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சொல்ல ஆரம்பித்தால் ஒரு நிம்மதி இருக்கிறது. ஒருவர் நம்மைக் கவனித்துக் கேட்கிறார் என்பதே ஒரு நிம்மதிதான். நீங்களும் நன்றாகக் கேட்கிறீர்கள். ஆமாம், என் தம்பியை நான்தான் கொன்றேன். அந்தச் சொல்லுக்காகத்தானே இத்தனை நேரம் காத்துக்கொண்டிருக்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். கோபம் எனக்கு வராது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லத்தான் பேசினாள்.

"பெரிய ஆஸ்பத்திரியில வருஷா வருஷம் இந்த ஊசிக்கு அவரைக் கூப்பிடுவாங்க. இலவசமாவே போடுவாங்க. அங்கயே போட்டுக்கலாம்னு ஒவ்வொரு தடவையும் நான் சண்டை போடுவேன். கேக்க மாட்டாரு. அக்காகிட்டதான் போட்டுக்குவேன், அவங்களுக்கு வேற யாரு இருக்கா, அன்னிக்கு ஒரு நாள் நாமதான் போகணும்பாரு. குழந்தையையும் அதுக்காகத்தான் கூட்டிக்கிட்டு வருவாரு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்திருப்பாள்.

அவள் சொன்னதை நீங்கள் அப்படியே நம்ப வேண்டாம், ஐயா. புருஷனைப் பறிகொடுத்தவள், என்னை நோகடிக்க எதையாவது சொல்லுவாள். சின்னவன் சோம்பேறி. எனக்காக மெனக்கெடுகிறவன் கிடையாது. எங்கள் கிளினிக் பக்கம், அதனால் வந்தான். பெரிய ஆஸ்பத்திரி அவன் தெரு முனையில்தான் இருக்கிறது, எங்கள் கிளினிக்குக்கு வர அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாற வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கலாம். இருந்தாலும் பக்கம்தான்.